கண்டபுரமும் கொண்டபுரமும்

"மறைந்திருக்கும் பொக்கிஷம்" என்ற தொடருக்கு ஐந்து வருடம் தடை போட்டால், தமிழில் பயணம் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் வாயடைத்துப் போவார்கள். போகட்டும். அந்த ஐந்து வருடத்தில் நாம் இழக்கப்போவது ஒன்றுமில்லை.

உங்களுக்கும் அந்தக் காணொளிகள் தெரியும். ஒரு பழைய தேவாலயம், அல்லது சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய ஒரு தெரு, அல்லது பூத்துக் கிடக்கும் ஒரு தோட்டம். மேலே ட்ரோன் சுற்றுகிறது. பின்னணியில் வயலின். "யாருக்குமே தெரியாத இடம் மக்களே" என்று ஒரு குரல். அதே சட்டகத்தின் ஓரத்தில் ஒரு அம்மா துடைப்பத்தோடு நின்று இவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரியும். அவர் கணக்கில் வரமாட்டார், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்த அம்மாவின் பக்கம். "கண்டுபிடித்தேன்" என்ற சொல்லுக்கு எதிர்ப்பக்கம். ஏதோ சொல்லாராய்ச்சிச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு இடத்தை "யாருக்கும் தெரியாதது" என்று அறிவிப்பதும் "யாருக்கும் உரிமையில்லாதது" என்று அறிவிப்பதும் நடைமுறையில் ஒன்றுதான். உரிமையாளர் இல்லாத பொருளுக்கு நம் ஊரில் என்ன ஆகும் என்பதற்குப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலேயே ஆதாரம் இருக்கிறது.

வாலிகண்டபுரத்திலிருந்து தொடங்குகிறேன். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நான்குவழிச் சாலையில், பெரம்பலூருக்குச் சற்று முன்னால் வருகிற ஊர். முன்பு என்.எச். 45, இப்போது எண் மாறி என்.எச். 38. தென் தமிழ்நாட்டுக்குப் போகிற ஆம்னி பஸ்களில் பெரும்பகுதி ராத்திரி இந்த வழியாகத்தான் போகிறது. ஒரு பொருளை ஒளித்துவைக்க இதைவிட மோசமான இடம் கிடையாது. ஆனாலும் இங்கிருக்கும் வாலீஸ்வரர் கோயிலை வருடத்துக்கு நான்கு பேர் "கண்டுபிடிக்கிறார்கள்". பக்கத்தில் நெடுஞ்சாலையிலிருந்தே கண்ணில் படும் ரஞ்சன்குடிக் கோட்டையையும் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு கோட்டையை! கோட்டை என்பதே தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்பதற்காகக் கட்டுவது.

யாருக்குத் தெரியாது இந்த ஊர்? அருணகிரிநாதருக்குத் தெரியும். திருப்புகழில் இந்தத் தலத்துக்குப் பாட்டு உண்டு. பிஜாப்பூர் சுல்தானுக்குத் தெரியும். பதினேழாம் நூற்றாண்டில் அவருடைய ஆளுநர் ஷேர் கான் லோடி இங்கிருந்துதான் இந்தப் பகுதியை ஆண்டார். பிரெஞ்சுக்காரர்களுக்குத் தெரியும். 1673-ல் கடற்கரையில் பாண்டிச்சேரி என்ற சின்ன ஊரில் அவர்கள் தங்கி வியாபாரம் செய்ய இடம் கொடுத்தவர் இதே ஷேர் கான் லோடி. மறு வருடம் பிரான்சுவா மார்த்தேன் அங்கே வந்து அமர்ந்தார். சிவாஜிக்குத் தெரியும். 1677-ல் தெற்கே படையெடுத்து வந்தபோது அவர் தோற்கடித்தவர்களில் லோடியும் ஒருவர். ஆங்கிலேயர்களுக்குத் தெரியும். 1751-ல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் ஒருபக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறுபக்கமாக இங்கே மோதினார்கள். அந்த ஆங்கிலப் படைக்குத் தளவாடம் பார்த்துக்கொள்ளும் வேலையில் வந்தவன் 25 வயது ராபர்ட் கிளைவ். இங்கே ஆங்கிலேயர்கள் பின்வாங்கினார்கள். சில வாரங்கள் கழித்து அவன் ஆற்காட்டுக்குப் போனான். மிச்சக் கதை பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடிவிட்டு நம் ஆட்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பாண்டிச்சேரிக்குக் கிளம்புகிறார்கள். 1907-ல் எழுந்த திரு இருதய பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிகள், மஞ்சள் சுவர்கள், வெள்ளை நகரத்துச் சுவரோவியங்கள், பாரதி பூங்கா என்று எல்லாவற்றையும் படம் பிடிக்கிறார்கள். அந்த நகரத்துக்கான அனுமதி வாலிகொண்டபுரத்து ஆளுநரிடமிருந்து போனது. பிள்ளையைக் கொண்டாடுகிறோம், பிரசவம் பார்த்த வீட்டை "மறைந்திருக்கும் பொக்கிஷம்" என்கிறோம்.

சரி, ஏன் இது மறைந்திருப்பதுபோலத் தோன்றுகிறது? நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். பரிந்துரைக்கிற செயலிகளில் "அரிய இடம்" என்ற முத்திரை எப்படி விழும் என்பதில் மந்திரம் எதுவும் இல்லை. மதிப்பெண் அதிகம், மதிப்புரை எண்ணிக்கை குறைவு. இந்த இரண்டு நிபந்தனையும் பொருந்தினால் போதும். அதாவது, அங்கே தினமும் வருகிறவர்கள் செல்போனில் நட்சத்திரம் போடுகிற வர்க்கம் இல்லை என்று அர்த்தம். திங்கட்கிழமை பிரதோஷத்துக்கு வருகிற முந்நூறு பேரும் பூஜ்யம், ஞாயிற்றுக்கிழமை வந்து ஐந்து நட்சத்திரம் போட்ட பதினொரு பேரும்தான் பதினொன்று. மறைந்திருப்பது கோயில் இல்லை. மறைக்கப்பட்டிருப்பது அந்த முந்நூறு பேர்.

பெரம்பலூருக்குத் தெற்கே அதே சாலையில் சிறுவாச்சூர் இருக்கிறது. மதுரகாளியம்மன் கோயில் பொதுவாக வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறக்கும். விசேஷ நாட்கள் தனி. மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதீகம். சனி, ஞாயிறு கண்டுபிடிப்பாளர்களுக்கு அவள் கதவைத் திறப்பதில்லை. தமிழ்நாட்டிலேயே வார இறுதிச் சுற்றுலாவை இவ்வளவு கம்பீரமாகப் புறக்கணிக்கும் தெய்வம் வேறு இருக்கிறதா தெரியவில்லை. மலைக்கோயிலில் இருக்கும் பெரிய பெரிய காவல் தெய்வச் சிலைகள் இந்த மாவட்டத்தின் உண்மையான பொதுக்கலை. ஆர்ட் கேலரி இல்லை, டிக்கெட் இல்லை, வானத்தின் கீழ் நிற்கிற கலை. பல ஊர்க் குடும்பங்களுக்கு அவை குலதெய்வம். 2021 அக்டோபரில் அந்தச் சிலைகள் உடைக்கப்பட்டன. செய்தியைப் பார்த்த வெளியூர்க்காரர்களுக்கு அது "பழமையான சிலைகள் சேதம்". குடும்பத்தாருக்கு அது ஒவ்வொரு சாமியும் பேரோடு விழுந்தது. இந்த வித்தியாசம்தான் நான் சொல்ல வருவது.

இனி இதைவிடப் பெரிய கதைக்கு வருகிறேன். அரியலூர் மாவட்டம், ஸ்ரீபுரந்தான். சோழர் காலத்துப் பிரகதீஸ்வரர் கோயில். பூஜை குறைந்து, ஆள் நடமாட்டம் குறைந்து கிடந்தது. அங்கிருந்த நடராஜர் செம்புத் திருமேனி 2006-ல் களவு போனது. களவு போனதே அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது 2008-ல், சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று போனபோது. அதே 2008-ல் கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அந்த நடராஜரை நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. அவர் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியவர் என்று காட்டப் பொய்க் காகிதங்களும் கூடவே இருந்தன. பக்கத்துச் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலிலும் இதே கும்பல் கைவைத்தது. கபூர் 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. நடராஜர் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரோடு விமானத்தில் திரும்பி வந்தார். வந்தவர் ஸ்ரீபுரந்தானுக்குப் போகவில்லை, கும்பகோணத்துச் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார்.

இங்கேதான் எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். "பாத்தீங்களா சார், ஆள் வராததாலதானே திருடு போச்சு? நாலு பேர் ரீல்ஸ் போட்டு, நானூறு பேர் வந்து போயிருந்தா இது நடந்திருக்குமா?" நல்ல கேள்வி. நேர்மையான பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

என் பதில் இது. அந்த நடராஜர் கான்பெராவில் இருந்த ஏறத்தாழ ஆறு வருடங்களில் அவரைப் பார்த்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? ஸ்ரீபுரந்தானைவிட நிச்சயம் அதிகம். நல்ல வெளிச்சம், நல்ல விளக்கப் பலகை, எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள். கூட்டம் அவரைக் காப்பாற்றியதா? கண் எண்ணிக்கை காவல் ஆகாது. நேற்று இங்கே என்ன இருந்தது என்று தெரிந்த கண்தான் காவல். கோயிலில் எத்தனை சிலை, எந்தச் சிலை எந்தப் பக்கம், எந்த விரலில் தேய்மானம் என்று தெரிந்த ஒரு கிழவர் நானூறு ரீல்ஸ்காரர்களுக்குச் சமம். ஸ்ரீபுரந்தானில் குறைந்துபோனது அந்த மாதிரி ஆட்களின் நடமாட்டம். அதை ஈடுகட்ட ட்ரோன் போதாது.

நான் படமே எடுக்காதே என்கிற ரகம் இல்லை. கதையின் அடுத்த பாகம் அதைத்தான் சொல்கிறது. அந்த நடராஜர் ஸ்ரீபுரந்தானின் நடராஜர்தான் என்று நிரூபிக்க உதவியது ஒரு புகைப்படம். எடுத்து வைத்திருந்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். 1955-ல் தொடங்கிய அந்த நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஊர் ஊராகப் போய், சிலைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து, ஊர் பெயர், கோயில் பெயர், சிலையின் பெயர் எழுதி அடுக்கி வைத்தது. விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் சிட்னியிலிருந்து திரும்பியதற்கும் அந்த ஆவணப் படங்கள் உதவின. வாலிகொண்டபுரத்தார் கொடுத்த ஊரில் உட்கார்ந்திருந்த ஒரு பெட்டிக்குள்தான் அரியலூரின் சாமிக்குச் சாட்சி இருந்தது.

அந்தப் படங்களையும் இன்றைய ரீல்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவற்றில் எடுத்தவர் முகம் இல்லை. இவற்றில் எடுத்தவர் முகம் மட்டும்தான் தெளிவாக இருக்கிறது, சாமி பின்னால் மங்கலாக. அவற்றில் இடத்தின் பெயர் இருக்கிறது. இவற்றில் "இடம் எதுன்னு தெரியணும்னா கமெண்ட்ல கேளுங்க" என்று இருக்கிறது. ஒன்று சாட்சியம். இன்னொன்று கொள்முதல்.

ஊரின் பெயரிலேயே இந்த வழக்கு இருக்கிறது. இன்று வாலிகண்டபுரம், பழைய பெயர் வாலிகொண்டபுரம். கண்டதா, கொண்டதா? நாம் கண்டோம் என்று சொல்லிக்கொண்டு கொண்டுபோகிறவர்கள். "கண்டுபிடிப்பு" என்ற சொல்லிலேயே கண்டதும் இருக்கிறது, பிடித்ததும் இருக்கிறது. வாலி இங்கே சிவனை வழிபட்டான் என்பது தலபுராணம். எதிரே நிற்பவனின் பாதி பலம் அவனுக்கு வந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. இன்றைக்கு அந்த வரம் செல்போன் கேமராவுக்குக் கிடைத்திருக்கிறது. எதிரே நிற்கிற எதுவும் பாதி பலத்தை அதனிடம் இழக்கிறது: பெயரை, வழிபடுகிறவர்களை, வரலாற்றை. மிஞ்சுவது பின்னணி.

பொதுக்கலைக்கு வாருங்கள். சென்னை கண்ணகி நகர். நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை 2000-த்திலிருந்து கொண்டுபோய்க் குவித்த இடம். முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ளவர்கள் பல வருடமாகச் சொல்லிவந்தார்கள். 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயிண்ட்ஸும் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரைய ஏற்பாடு செய்தன. "கலை மாவட்டம்" என்று பெயர். ஓவியங்கள் நன்றாகவே இருக்கின்றன, அதை மறுப்பதில் அர்த்தமில்லை. ஊரின் பெயர் கொஞ்சம் மாறியதில் அங்குள்ள பலருக்குச் சந்தோஷமும் உண்டு. ஆனால் அந்தச் சுவரைப் படம் எடுக்கப் போகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி "யார் வரைந்தது?" இல்லை. "இந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பவர்கள் முன்பு எங்கே இருந்தார்கள், ஏன் இங்கே வந்தார்கள்?" என்பது. அதைக் கேட்காமல் அந்த இடத்தைக் "கண்டுபிடிப்பது", அகற்றியவர்களுக்குச் சுவர் பூசிக் கொடுக்கிற வேலை.

தோட்டங்களும் அப்படித்தான். ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கியது, மலர்க்காட்சி 1896 முதல். மே மாதம் நாம் பார்க்கிற பூவுக்குப் பின்னால் மாதக்கணக்கில் ஆயிரக்கணக்கான தொட்டிகளில் நாற்று நட்டவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காணொளியிலாவது அவர்கள் கையைப் பார்த்ததுண்டா? சோழர் கல்வெட்டுகள் இதில் நம்மைவிட நாகரிகமானவை. நந்தவனத்துக்கு இவ்வளவு நிலம், அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இவ்வளவு நெல் என்று மறுபடி மறுபடி எழுதி வைத்திருக்கிறார்கள். தோட்டம் அழகு என்று எங்கேயும் வர்ணிக்கவில்லை. தோட்டக்காரனுக்குக் கூலி என்ன என்று கல்லில் வெட்டினார்கள். இன்று வாலிகண்டபுரத்தைத் தாண்டுகையில் கண்ணில் படுகிற மிக நீளமான பூந்தோட்டம், சாலை நடுவே இருக்கும் அரளி வரிசை. வெயிலில் டேங்கர் லாரியோடு நடந்து அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஆரஞ்சுச் சட்டை போட்டிருப்பார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சட்டை மட்டும்தான் நமக்குத் தெரியும்.

அப்படியானால் வெளியூர்க்காரனுக்கு எந்த இடமும் சொந்தமில்லையா, யாரும் எதையும் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும். ஆனால் அதற்கு விலை உண்டு. விலை கொடுத்த இரண்டு பேரை இந்த இரண்டு மாவட்டங்களே காட்டும்.

ஒருவர் எம்.எஸ். கிருஷ்ணன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடப்பதை 1940-ல் அறிவியல் உலகுக்குச் சொன்னார். ஊர்க்காரர்களுக்கு அந்தக் கல் புதிதில்லை. அவர் சேர்த்தது ஒரு புதிய அறிவு: இந்தக் காய்ந்த பூமி கடலாக இருந்த காலம் உண்டு, சுமார் 12 கோடி வருடங்களுக்கு முன் நின்ற மரம் இது என்ற கணக்கு அந்தக் கல்லோடு சேர்ந்தது. இடத்துக்கு எதையாவது கூட்டிவிட்டுப் போனால் அதற்குப் பெயர் கண்டுபிடிப்பு.

இன்னொருவர் வீரமாமுனிவர். இத்தாலிக்காரர், 1680-ல் பிறந்தவர், சொந்தப் பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று தமிழ்ப் பெயர் வைத்தார், அதற்கு ஒரு கலம்பகமே பாடினார். அரியலூர்ப் பாளையக்காரரின் ராஜபிளவை இந்த மாதாவின் அருளால் குணமானது, அதற்கு நன்றியாக நிலம் வந்தது என்று ஊரார் சொல்வார்கள். அவர் மதம் மாற்ற வந்தவர்தானே என்றால், ஆமாம், அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் வந்த இடத்தில் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். தமிழ் கற்றார். தேம்பாவணி எழுதினார். 1732-ல் சதுரகராதி தொகுத்தார். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரித்துக் காட்ட எழுத்தைச் சீர்திருத்தினார். இந்தக் கட்டுரையில் நீங்கள் படிக்கிற ஒவ்வொரு "ஏ"யிலும் அவருக்குப் பங்கு உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் இங்கேயே கிடந்து பெற்றதைவிட அதிகம் திருப்பிக் கொடுத்த ஒரு வெளியூர்க்காரரின் கோயில் முன் நின்று, ஒன்றரை நிமிடத்தில் "யாருக்கும் தெரியாத சர்ச்" என்று சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்குக் கும்பிட வருகிற ஜனங்களில் எல்லா மதத்துக்காரர்களும் உண்டு. அவர்களெல்லாம் யாருமில்லையா?

நான் கேட்பது வீரமாமுனிவர் ஆகச் சொல்லி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற காரியம்தான். போகிற இடத்தின் பெயரை மறைக்காமல் எழுதுங்கள், ஊர்க்காரர்கள் சொல்கிற பெயரை. சாவி யாரிடம் இருக்கிறது, விளக்கு யார் போடுகிறார்கள், செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் விரும்பினால் அதையும் எழுதுங்கள், விரும்பாவிட்டால் விடுங்கள். உங்கள் முகம் இல்லாமல், தேதியோடு நான்கு படம் எடுத்து வையுங்கள்: கல்வெட்டு, தூண், கூரை விரிசல், சுவரோரப் பீடம். திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு நடத்திக் கல்வெட்டை மழுங்கடித்த கோயில்கள் தமிழ்நாட்டில் குறைவில்லை. பழைய தேவாலயத்தை இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டுவதைப் பெருமையாக நினைக்கும் ஊர்களும் குறைவில்லை. நாளைக்கு அங்கே ஏதாவது காணாமல் போனால், மாற்றி அடுக்கப்பட்டால், எனாமல் பெயிண்ட் அடித்து மூடப்பட்டால், உங்கள் போனில் இருக்கும் அந்த அழகில்லாத படம் பேசும். வயலின் வைத்த காணொளி பேசாது.

மற்றபடி "மறைந்திருக்கும் பொக்கிஷம்" என்று இனியும் தோன்றினால், வாலிகண்டபுரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். "ஐயா, இது மறைஞ்சு கெடந்துச்சு, நான்தான் கண்டுபிடிச்சேன்" என்று. அவர் சிரிக்காமல் இருந்தால் நான் இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.